பெர்கோலாவுக்கு ஷீட் போடும் முன்: கூரை விழாது, பறக்கும்

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் புறநகரில் தனி வீடு. கொல்லைப்புறத்தில் 14 அடிக்கு 12 அடி இரும்பு பெர்கோலா, அதாவது மேலே மூடாத பந்தல் சட்டம். மூன்று அங்குல சதுர டியூபில் நான்கு தூண், மேலே இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள், எல்லாம் ஒரே மட்டத்தில். வெயிலும் மழையும் அப்படியே உள்ளே வருவதால் மேலே ஷீட் போட்டு மூட வேண்டும். ஆள் வைக்காமல் லீவு நாட்களில் தானே செய்ய ஆசை. "ஷீட்டின் எடையை இந்தத் தூண்கள் தாங்குமா?" என்பதுதான் அவருடைய கவலை.

தாங்கும். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அரை மில்லிமீட்டர் கலர் ஷீட் ஐந்து போட்டாலும் மொத்தம் நூறு கிலோவுக்குள்தான் வரும். கவலைப்பட வேண்டியது வேறு: அந்தக் கூரையைக் கீழே பிடித்து வைக்க உங்கள் தூண்களால் முடியுமா?

இப்போது இருக்கும் பெர்கோலா காற்றுக்குச் சல்லடை மாதிரி. புகுந்து புகுந்து போய்விடும். ஷீட் போட்ட மறுநிமிடம் அது பாய்மரம். நாலு பக்கமும் திறந்திருப்பதால் அடியில் புகும் காற்று மேலே தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கும். இரண்டும் ஒரே திசையில் வேலை செய்யும்.

எவ்வளவு விசை? கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47, கோவைக்கும் மதுரைக்கும் 39. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். சென்னைக்கு 1,500, ஏறக்குறைய 150 கிலோ. உங்கள் கூரையின் பரப்பு 15.6 சதுர மீட்டர். ஆக, மேல்நோக்கி இழுக்கும் விசை இரண்டு டன்னுக்கு மேல். சுற்றியுள்ள வீடுகள், மரங்கள், கூரையின் வடிவம் எல்லாம் பொறுத்து இது ஏறும், இறங்கும்; ஆனால் டன் கணக்கு என்பது மாறாது. நூறு கிலோ ஷீட் எங்கே, இரண்டு டன் எங்கே!

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்த அன்று தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தைய வருடம்தான் ஒரு பட்டறைக்காரரை வைத்துப் பின்புறம் கூரை போட்டிருந்தேன். புயல் ஓய்ந்தபின் கதவைத் திறந்து பார்த்தால் நான்கு தூண்களும் நின்றன, கூரையைக் காணோம். பக்கத்து மனையில், சாய்ந்து கிடந்த முருங்கை மரத்தின் மேல் குப்புறக் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஷீட்டில் ஒரு ஸ்க்ரூகூடக் கழலவில்லை. ஷீட்டும் அதைத் தாங்க அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டமான பர்லினும் ஒன்றாகவே பறந்திருந்தன. பர்லின் சட்டத்தோடு சேரும் இடத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெல்டு, அதுவும் ஒரு பக்கம் மட்டும். வெல்டு வைத்த இடம் பளபளவென்று உடைந்திருந்தது. பெயின்ட் அடித்திருந்ததால் கீழிருந்து பார்க்கையில் முழு வெல்டு மாதிரியே தெரிந்தது.

அதனால் ஷீட் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை, காற்று இழுக்கும் இழுப்பு எந்த வழியாக மண்ணுக்குப் போகிறது என்று தேடுவது. ஷீட்டிலிருந்து ஸ்க்ரூ, ஸ்க்ரூவிலிருந்து பர்லின், பர்லினிலிருந்து சட்டம், சட்டத்திலிருந்து உத்தரம், உத்தரத்திலிருந்து தூண், தூணிலிருந்து அடித்தளம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அங்கேதான் அறும். எனக்கு மூன்றாவது கண்ணியில் அறுந்தது. உங்களுக்குக் கடைசிக் கண்ணியில் அறும் என்பது என் சந்தேகம்.

ஏனென்றால் பெர்கோலா போடுபவர்கள் பெரும்பாலும் தரையில் பேஸ் பிளேட்டை (தூணின் அடியில் வெல்டு செய்த தகட்டை) வைத்து நாலு போல்ட் முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கீழே இருப்பது மூன்று அங்குலத் தளமாக இருக்கலாம், பேவர் பிளாக்காகக்கூட இருக்கலாம். பேவர் பிளாக்கில் போட்ட போல்ட் எதையும் பிடிக்காது. கல்லோடு சேர்ந்து அப்படியே எழுந்து வரும். ஒரு கடப்பாரை எடுத்து ஒரு தூணின் பக்கத்தில் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். கான்கிரீட் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். கான்கிரீட் ஒரு கன அடி சுமார் 68 கிலோ. இரண்டடிக்கு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் என்றால் 8 கன அடி, 540 கிலோ. இப்படி நாலு தூணுக்கு இரண்டு டன் சொச்சம்; இரும்பின் எடையையும் சேர்த்தால் ஏதோ சமாளிக்கும். ஆறு தூண் என்றால் மூன்று டன்னுக்கு மேல். நிம்மதி.

ஆறு தூண் என்று சும்மா சொல்லவில்லை. 14 அடி உத்தரத்துக்கு நடுவில் தாங்கலே இல்லை என்றால், 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், 3 மி.மீ. கனமுள்ள டியூப்கூடப் புயல் காற்றில் வளையும் எல்லைக்குப் போய்விடுகிறது என்று என் கணக்கில் வருகிறது. நடுவில் ஒரு தூண் வைத்து 14 அடியை ஏழும் ஏழுமாகப் பிரித்தால் வளைக்கும் விசை பாதி ஆகாது, நாலில் ஒன்றாகக் குறையும். இரண்டு தூணுக்கு ஆகும் செலவில் இவ்வளவு பலம் வேறு எதிலும் கிடைக்காது. முடிந்தால் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் அளவுகளைக் காட்டி ஒரு தாளில் வரைந்து வாங்கிவிடுங்கள்.

இருக்கிற தூண்களுக்கு அடித்தளம் போடும்போது ஒரே நாளில் நாலையும் தோண்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றாக. தோண்டும் தூணுக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, குழி எடுத்து, தூணின் அடியில் நாலைந்து கம்பித் துண்டுகளைக் குறுக்காக வெல்டு செய்து, ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமென்ட், மணல், ஜல்லி) கலவை ஊற்றி ஒரு வாரம் தண்ணீர் காட்டுங்கள். அப்புறம் அடுத்தது. கான்கிரீட்டின் மேல்பக்கம் தரையைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து, தூணிலிருந்து வெளியே சரிந்திருக்க வேண்டும். தூணைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் இரும்பு அரிக்கத் தொடங்குவது அந்த வளையத்தில்தான். பழைய தூண்களிலும் தரையை ஒட்டிய அரையடியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டங்' என்றால் இரும்பு இருக்கிறது. 'தொப்' என்றால் பெயின்ட்தான் நிற்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

இன்னொன்று, தூணின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒட்டுமொத்தச் சட்டமும் ஆடினால், கூரை ஏறியபின் அந்த ஆட்டம் கூடத்தான் செய்யும். தூணும் உத்தரமும் சேரும் ஒவ்வொரு மூலையிலும் இரண்டடி நீளத்தில் சாய்வாக ஒரு கை கொடுத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும், பழைய ஓட்டு வீட்டுத் திண்ணைத் தூண் மாதிரி.

சரி, கீழே பத்திரம். மேலே போவோம்.

தட்டையான பெர்கோலா மீது அப்படியே ஷீட்டைப் பரப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் நிற்கும், ஸ்க்ரூ வழியே சொட்டும், இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும். அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வேண்டும். 12 அடிக்கு 12 அங்குலம். இதற்காகத் தூண்களை அறுத்து உயர்த்த வேண்டியதில்லை. இருக்கிற குறுக்குச் சட்டங்களின் மேல் குட்டிக் கால்கள் வைத்து, அவற்றின் மேல் பர்லின் ஓட்டுங்கள். மூன்றடிக்கு ஒன்றாக ஐந்து வரிசை பர்லின். வீட்டுப் பக்கம் முதல் வரிசைக்கு 12 அங்குலக் கால், அடுத்தது 9, அப்புறம் 6, 3, தோட்டப் பக்கக் கடைசி வரிசை நேராகச் சட்டத்தின் மேலேயே. ரசமட்டத்தை நம்பி ஒவ்வொரு காலாக வைத்துக்கொண்டே போகாதீர்கள். முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் வைத்துவிட்டு இரண்டுக்கும் இடையே நூல் கட்டி, நடு வரிசைகளை நூலுக்குத் தொட்டு வையுங்கள். உயரமான 12 அங்குலக் கால்களுக்கு மட்டும் சாய்வு முட்டு கட்டாயம். பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு இடைவெளி வரும். அதை மூடாதீர்கள், சூடு வெளியேற அதுதான் வழி.

வெல்டிங் உங்களுக்கு வராது என்றால் அதை மட்டும் ஆளிடம் விடுங்கள். ஒரு நாள் கூலிதான். ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒவ்வொரு காலும் நாலு பக்கமும் முழுச் சுற்று வெல்டு. புள்ளி வைத்துவிட்டு "அப்புறம் முடிச்சுடலாம் சார்" என்பார். முடித்தபின்தான் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். வெல்டின் மேல் படிந்த சிட்டத்தைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு அடிப்பது உங்கள் வேலை. பர்லின் டியூப் 2 மி.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது. ஒன்றேகால் மி.மீ. டியூபில் ஸ்க்ரூ ஏறும். புயல் வந்தால் அதே சுலபத்தில் வெளியேயும் வந்துவிடும்.

எந்த ஷீட்? மங்களூர் ஓட்டின் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு இதைவிடப் பல மடங்கு செங்குத்தான வாட்டம் வேண்டும், சதுர மீட்டருக்கு 40 கிலோ பக்கம் பாரமும் ஏறும். தட்டைப் பெர்கோலாவில் அதைப் பொருத்த நினைப்பது வேறு கட்டடம் கட்டுவதற்குச் சமம். ஆஸ்பெஸ்டாஸ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது, விலையும் குறைவு; அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குப் புற்றுநோய் கொண்டுவருவது. வீட்டில் நீங்களே அறுத்துச் செய்யப்போகிற வேலைக்கு அதை நினைத்தே பார்க்காதீர்கள். முழுக்கப் பாலிகார்பனேட் போட்டால் வெளிச்சம் அருமையாக இருக்கும், சித்திரை மாதம் அடியில் உட்கார முடியாது.

என் தேர்வு: வெள்ளை அல்லது வெளிர்நிறக் கலர் ஷீட் நான்கு, அதே மடிப்பு வடிவத்தில் பாலிகார்பனேட் ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று ஏறியபின் ஒரு ஷீட்டுக்குக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்பதால் 14 அடிக்கு ஐந்து சரியாக இருக்கும். கருநீலமும் செங்கல் நிறமும் பார்க்க அழகு, வெயிலைக் குடித்துவிடும். அடியில் ஃபாயில் ஒட்டிய நுரை விரிப்பைப் பர்லின் மேல் விரித்துவிட்டு அதன்மேல் ஷீட் போட்டால் சூடும் குறையும், மழைச் சத்தமும் குறையும். பட்ஜெட் இடம் கொடுத்தால், இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த பஃப் பேனல் போடலாம். அதற்கு இவ்வளவு யோசனையே வேண்டாம், சத்தமும் சூடும் இரண்டுமே தொல்லை செய்யாது. கடையில் "அரை மில்லி" என்றால் பெயின்ட்டும் பூச்சும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடை.

ஷீட்டைக் கிரைண்டரில் அறுக்காதீர்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் அறுக்கிறார்கள், எல்லா ஷீட்டும் அந்த விளிம்பிலிருந்துதான் துருப்பிடிக்கிறது. டிஸ்க்கின் சூட்டில் துத்தநாகப் பூச்சு கருகிவிடும். பறக்கும் பொறிகள் பெயின்ட்டில் குத்தி நிற்கும், ஒரு மழையில் அத்தனையும் பழுப்புப் புள்ளியாகும். நீளத்தைக் கடையிலேயே 13 அடி என்று சொல்லி வாங்கிவிட்டால் அறுக்கும் வேலையே பாதி போய்விடும். மிச்சத்துக்குத் தகரம் வெட்டும் கத்தரி போதும். அன்றன்றைக்குத் துளையிட்டு விழுந்த இரும்புத் தூளை அன்றே விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுங்கள்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சென்னையில் பெருமழையும் பெருங்காற்றும் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருபவை. ஆகவே ஷீட்டைத் தெற்கு அல்லது மேற்குப் பக்கத்திலிருந்து அடுக்கத் தொடங்குங்கள். அடுத்தடுத்த ஷீட் முந்தையதன் மேல் ஏறும்போது, திறந்த விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். தலைகீழாகப் போட்டால் ஒவ்வொரு மழையிலும் காற்று அந்த விளிம்புக்குள் தண்ணீரை ஊதி அனுப்பும்.

ஸ்க்ரூவை மடிப்பின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். முதல் வரிசை, கடைசி வரிசை பர்லின்களிலும் இரண்டு ஓர ஷீட்டுகளிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்க்ரூ. காற்று முதலில் பிய்க்கப் பார்ப்பது ஓரங்களையும் மூலைகளையும்தான். நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். அடியில் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும், தானே துளையிட்டு இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூதான் வேண்டும். எவ்வளவு முறுக்குவது என்பது கை பழக வேண்டிய விஷயம். ரப்பர் வட்டம் உலோக வட்டத்தின் விளிம்புக்கு வெளியே ஒரு நூலளவு பிதுங்கினால் சரி. பிதுங்கவே இல்லையென்றால் ஒழுகும். நாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் ரப்பர் கிழிந்துவிட்டது, ஷீட்டும் குழிந்துவிட்டது; கழற்றிப் புதிது போடுங்கள். முதல் பத்து ஸ்க்ரூவில் நாலு வீணாகும், பரவாயில்லை.

பாலிகார்பனேட் ஷீட்டுக்கு மட்டும் வேறு கணக்கு. இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரியும். 12 அடி நீளம், 40 டிகிரி ஏற்ற இறக்கம் என்றால் இரும்பு 2 மி.மீ.கூட அசையாது, இது 9 மி.மீ. அசையும். எனவே முதலில் ஸ்க்ரூவைவிடப் பெரிய துளை போட்டு, அகலமான வாஷரோடு மெதுவாக முறுக்க வேண்டும். இறுக்கிவிட்டால் வெயிலில் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும், ஒரு நாள் துளையிலிருந்து விரிசல் ஓடும். வெயில் தாங்கும் பூச்சு இருக்கும் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். முக்கியமாக அதன்மேல் கால் வைக்காதீர்கள். கலர் ஷீட்டிலும் பர்லின் போகும் வரிசையில்தான், ஸ்க்ரூத் தலைகளைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும்.

வீட்டுச் சுவரோடு கூரையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். தனியே நிற்கட்டும். சன்ஷேடிலோ கைப்பிடிச் சுவரிலோ போல்ட் போட்டுத் தொங்கவிட்டால் காற்று இழுக்கும்போது செங்கல்லும் சேர்ந்து வரும். சுவருக்கும் ஷீட்டுக்கும் இடையிலுள்ள சந்துக்குச் சுவரில் அரை அங்குலக் காடி எடுத்து, மடித்த தகரத்தை அதில் செருகி, சீலன்ட் வைத்து, மறுமுனையை ஷீட்டின் மேல் இறக்கிவிட்டால் போதும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பர் முதல் நாள் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. உங்கள் கூரை மேல் அவ்வளவு விழுந்தால் ஏழாயிரத்து அறுநூறு லிட்டர், ஒரு பெரிய டேங்கர் லாரிக்குக் கொஞ்சம் குறைவு. அது அடுத்த வீட்டு மதில் மேல் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆறங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஷீட்டின் தாழ்ந்த ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் காடியாக்கலாம், மலிவு, நன்றாகவே வேலை செய்யும். வெயிலில் நொறுங்காமல் இருக்க வெளியே பெயின்ட் அடித்துவிடுங்கள். ஷீட்டின் நுனி காடிக்குள் இரண்டு அங்குலம் நீட்டியிருக்கட்டும். இறங்கும் குழாயை மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிவிட்டு மறந்துபோன தொட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும். பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் காடி முனையில் கம்பி வலை வையுங்கள்.

அனுமதி விஷயம்: மேலே திறந்த பெர்கோலா வேறு, கூரை போட்ட இடம் வேறு. பின்பக்கம் விட்டிருக்க வேண்டிய காலியிடத்தில் கூரை வந்தால் அது கட்டடப் பரப்பாக எண்ணப்படலாம். வீட்டு வரைபடத்தோடு உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எப்போது செய்யலாம்? பொங்கல் முடிந்து தொடங்கினால் சித்திரை வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். ஆடியில் கையே வைக்காதீர்கள். அம்மியே பறக்கும் காற்றில் 13 அடி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஏணியில் நிற்பவர் ஷீட்டோடு போவார். எந்த மாதமானாலும் காற்று எழும் முன் காலையில் ஷீட் ஏற்றுங்கள், இரண்டு பேர் மேலே, ஒருவர் கீழே, கையில் தோல் உறை. ஒரு ஷீட்டை வைத்தால் அதன் நாலு மூலைக்கும் ஸ்க்ரூ போட்ட பிறகுதான் டீ குடிக்கப் போக வேண்டும். மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் முதல் நாளே நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மழை வரும்போது டார்ச்சும் ஒரு சாக்பீஸும் எடுத்துக்கொண்டு கீழே போய் நில்லுங்கள். எங்கே சொட்டுகிறதோ, அதற்கு மேல் இருக்கும் பர்லினில் குறி போடுங்கள். சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறு; தண்ணீர் ஷீட்டின் அடியில் சரிவோடு ஓடி வந்துதான் விழும். குறியிலிருந்து வீட்டுப் பக்கமாக மேலே தேடிக்கொண்டே போனால், சாய்வாக ஏறிய ஒரு ஸ்க்ரூ கண்ணில் படும்.